அசையாத இடம் பார்த்து

தடுப்பை எடுத்தது அவன்தான். இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை, மழுப்புவதுதான் அவனுடைய தொழில் என்றாலும்.

தொழில் என்றால் நிஜமாகவே தொழில்தான். துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. இயந்திரம் கூடத்தில் குதிக்கிறது, புதுச் சட்டையைக் கிழிக்கிறது, கதவு திறக்க மாட்டேன் என்கிறது என்றெல்லாம் ஜனங்கள் எழுதுவார்கள். 'உங்கள் ஆதங்கத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம், உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டு சென்றுள்ளோம், தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இவன் எழுதுவான். உரிய பிரிவு எது என்று பதினோரு வருடமாக அவனுக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளின் அறையில் இருந்த கண்ணாடித் தொட்டியின் நடுவே நின்ற பிளாஸ்டிக் வலைத் தடுப்பில் பாசி படிந்திருப்பதைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பால்கனியில் வெயிலில் சாய்த்து வைத்தான். அதே கையோடு தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கிறதே என்று ஃப்ரீசரில் உறைந்திருந்த இரண்டு பாட்டில்களைத் தொட்டிக்குள் போட்டான். அப்புறம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குதிக்கிற இயந்திரம் ஒன்று குளியலறைக் கதவையே உடைத்துவிட்டதாம். ஆதங்கத்தைப் புரிந்துகொண்டு முடிப்பதற்குள் தடுப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோனது.

தொட்டியின் மேல் மகள் ஒட்டிவிட்டுப் போன காகிதம் அவனைப் பார்த்தபடிதான் இருந்தது.

'1. தடுப்பை எடுக்காதே. 2. எடுக்காதே என்றால் எடுக்காதே. 3. தண்ணீரைத் திடீரென்று குளிர வைக்காதே. 4. அப்பா, ப்ளீஸ்.'

தொட்டிக்குள் இருந்தவை இரண்டு ஆக்சோலோட்டல்கள். மீனும் இல்லை, பல்லியும் இல்லை. தண்ணீரிலேயே வாழ்ந்து, கடைசிவரை குழந்தை முகம் மாறாமல் கிழடாகிற பிராணி. ஒரு சாண் நீளம். தலையின் இரண்டு பக்கமும் இறகுக் கொத்துகள்போலச் செவுள்கள். நான்கு கால்கள், குட்டிக் குட்டி விரல்கள், மூடத் தெரியாத கண்கள், எதற்கென்று தெரியாத ஒரு சிரிப்பு. வெளிறிப்போன பெண்ணுக்கு மகள் வைத்த பெயர் மாவு. கறுப்பு ஆணுக்குக் கரி. இரண்டும் சேராமல் இருக்கத்தான் நடுவே தடுப்பு; தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் கூடும் காலம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளுமாம்.

மகள் இரண்டு வாரத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா வேறு ஊரில், தனி வீட்டில். அடுத்த வருடப் பள்ளிக்கூடம் எங்கே என்று முடிவெடுக்க வேண்டிய நேரம். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "நீ ஒண்ணும் பெருசா பண்ண வேணாம்பா. நான் சொன்னதை மட்டும் செஞ்சுக்கிட்டு, சொல்லாததைச் செய்யாம இரு. வந்து பாத்துட்டு எங்க இருக்கறதுன்னு சொல்றேன்."

பதினாலு வயது. பேச்சு மட்டும் நீதிபதி.

ஆகவே திங்கட்கிழமை காலை தொட்டியின் அடியில், கற்களுக்கு நடுவே, நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்த சின்னச் சின்னக் கூழ்க் கூம்புகள் பத்துப் பதினைந்து நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது அவன் முதலில் கவலைப்பட்டது அந்தப் பிராணிகளைப் பற்றி அல்ல, மகளின் தீர்ப்பைப் பற்றி. பூஞ்சை என்று நினைத்தான். முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ஒன்றை விரலால் நசுக்கியும் பார்த்தான். வழுவழுவென்று நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கரி வாலை அலைத்துக்கொண்டு முன்னே நடப்பதையும், மாவு அவன் வாலில் மூக்கை வைத்தபடி மெல்லப் பின்னால் வருவதையும், ஒரு கூம்பின் மேல் வந்ததும் அவள் நின்று, அடிவயிற்றைத் தாழ்த்தி, நுனியை மட்டும் பூப்பறிப்பதுபோல உள்ளே எடுத்துக்கொள்வதையும் கண்டான். பூஞ்சை அல்ல, கரி விட்டுவைத்த விந்து. கல்யாண ஊர்வலத்தில் தெரியாமல் நுழைந்துவிட்டவன்போல, கையை வெளியே எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். விரலை மட்டும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான். நான்காவது முறையும்.

பால்கனியிலிருந்து தடுப்பை எடுத்து வந்து மாட்டினான். ரொம்பச் சீக்கிரம்தான்.

செவ்வாய் காலை முட்டைகள்.

பிளாஸ்டிக் செடியின் ஒவ்வோர் இலையிலும், வெப்பமானியின் வயரிலும், கூழாங்கற்களிலும். மிளகளவு கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடிபோலக் கூழ். மாவு இன்னும் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னங்கால்கள் இரண்டாலும் ஓர் இலையை அணைத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவசரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இடம் தேர்ந்தெடுத்தாள். ஆட்டிப் பார்ப்பதுபோல இலையைத் தொடுவாள், ஆடினால் விட்டுவிடுவாள். மத்தியானத்துக்குள் அவன் எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிக் குழம்பிப்போனது.

அன்று சாயங்காலம் மகளை அழைத்தான்.

"எல்லாம் நல்லாயிருக்கா?" என்றாள்.

"சூப்பர். சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேக்கறேன். ஒருவேளை முட்டை போட்டா என்ன பண்ணுவாங்க?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா எதுவும் கேக்க மாட்டியே."

"தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டார்."

"உனக்கு ஏது தெரிஞ்சவர்?" சிரித்தாள். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "டப்பால போட்டு ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வைக்கணும். புதுசா இருக்கறப்பவே. பொரிஞ்சா ஆயிரத்தை யாரு வளக்கறது? அதுங்க அசையற உயிரைத்தான் தின்னும். வேற எதுவும் கிடைக்கலேன்னா பக்கத்துல இருக்கறதோட கையைத் தின்னும்."

"கையையா!"

"திரும்ப வளரும்பா. அதுக்கு."

"எத்தனை நாள்ல பொரியும்?"

"தண்ணி குளிரா இருந்தா ரெண்டு மூணு வாரம். சூடா இருந்தா சீக்கிரம். அப்பா, தடுப்பு இருக்குல்ல?"

"இருக்கு" என்றான். பொய் இல்லை. இருந்தது.

புதன்கிழமை ஒவ்வோர் இலையிலிருந்தும் முட்டைகளைக் கிள்ளி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு போட்டு, மூடி, உறைந்த பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூடிய பிறகும் அதன் பிடியைப் பிடித்தபடி நின்றான். ஒரு கரப்பானைக்கூட அடிக்காமல் முறத்தால் தள்ளி வெளியே விடுகிற ஆள். "மன்னிச்சுக்குங்க" என்றான், பெட்டியைப் பார்த்து. புகார்க்காரர்களிடம் சொல்கிற அதே குரலில். அவனுக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டு நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் டப்பாவை எடுத்துத் திறந்தான்.

பனிக்கட்டி இருந்தது. முட்டைகள் இல்லை. பனிக்கட்டி முழுக்க மிளகளவும் பட்டாணியளவுமாகக் குழிகள், தேன்கூட்டின் மேல்பக்கம்போல. ஒவ்வொரு குழியும் உள்ளே வழவழப்பாக, உருண்டையாக, காலியாக.

மூடி மூடியேதான் இருந்தது.

கரைந்திருக்கும் என்றான். கூழ்தானே, சுருங்கியிருக்கும் என்றான். உரிய பிரிவு கவனித்துக்கொள்ளும் என்றான். டப்பாவைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலை செய்யப் போனான்.

வேலை செய்யும் மேசையும் மகளின் அறையில்தான். வீட்டில் குளிர்சாதனம் உள்ள அறை அது ஒன்றுதான், அந்தப் பிராணிகளுக்காக வாங்கியது. குடும்பத் தலைவன் அவற்றின் தயவில் அதில் ஒரு மூலையைப் பெற்றிருந்தான். வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது என்பதால் தடித்த திரை எப்போதும் இழுத்தே இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த அறையில் ஒரு பாசிநிற அரையிருட்டு. வடிகட்டியின் முணுமுணுப்பு, குளிர்சாதனத்தின் மூச்சு, எப்போதாவது மாவோ கரியோ மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும் 'ப்ளக்' என்கிற சத்தம், ஈரக் கல்லும் பழைய மழைத்தண்ணீரும் கலந்த மணம். இவற்றுக்கு நடுவே, வலைமுதுகு வைத்த நாற்காலியில், பனியனோடு, நாளுக்கு ஒன்பது மணி நேரம் அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். மத்தியானம் சாப்பிட்டதும் அதே நாற்காலியில் அரை மணி நேரம் தலையைச் சாய்ப்பான். மனைவி பிரிந்து போகும்போது சொன்ன பல காரணங்களில் அந்த நாற்காலியும் ஒன்று.

அன்று சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டு எழுந்தபோது பார்த்தான். தொட்டியின் கண்ணாடியில் நான்கு முட்டைகள். துடைக்கலாம் என்று மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவினான். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

வெளிப்பக்கம்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், காய்ந்த காற்றில், ஈரம் குறையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

வண்ணமீன் கடைக்காரரை அழைத்தான்.

"சார், அந்தப் பொண்ணு முட்டை தண்ணிக்கு வெளியில போடுமா?"

"எவ்வளவு வெளியில?"

"வெளியிலன்னா வெளியில!"

"போடாதுன்னு சொல்ல முடியாது சார். போடும்னும் நான் சொல்ல மாட்டேன். தொட்டியைப் பொறுத்தது."

"போடுமா, போடாதா?"

"வேணும்னா ஒரு நல்ல மூடி வந்திருக்கு, காட்டட்டுமா?"

கால்நடை மருத்துவர் இன்னும் மேல். நாய், பூனை, மாடு மட்டும்தான் பார்ப்பாராம். இதற்கு நான்கு கால் இருக்கிறது, நடக்கவும் செய்கிறது, அப்புறம் என்ன என்று இவன் வாதாடியதற்கு, "அந்தத் துறைக்காரங்களைக் கேளுங்க" என்றார். எந்தத் துறை என்று கேட்டான். தொடர்பு துண்டிக்கப்பட்டது. பதினோரு வருடமாக ஊராருக்குக் கொடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிறது என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். பாதியில் எரிச்சல் முந்திக்கொண்டது. மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. பிளாஸ்டிக் பாட்டில்தான்; அதிலும் ஒரு திருப்தி கிடைக்காது என்று வைத்துவிட்டான்.

மாவைப் பிடித்து மூடி போட்ட வாளியில் விட்டு, குளியலறையில் வைத்து, மூடியின் மேல் மகளின் அகராதியை ஏற்றினான். தூக்கும்போது கவனித்தான். அவள் வயிறு ஒட்டிப் போயிருந்தது. போட வேண்டியதையெல்லாம் போட்டு முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை முட்டைகள் மேசைக்காலில் இருந்தன. கீழிருந்து மேலாக, ஒரு விரற்கடை இடைவெளியில், ஒன்பது. எண்ணி, அட்டையால் சுரண்டினான். எளிதில் வரவில்லை. அகராதி வாளியின் மேல் வைத்தது வைத்தபடி. உள்ளே மாவு சிரித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் கரி சிரித்துக்கொண்டிருந்தான். ஆண் எங்கே முட்டை போடப் போகிறது.

சுரண்டியவற்றை மறுபடியும் ஃப்ரீசரில் வைக்க மனம் வரவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தான். சாயங்காலம் கோப்பையில் தண்ணீர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நாற்காலிச் சக்கரங்கள்.

மனைவியையே அழைத்துவிட்டான்.

"பொண்ணு இங்க இருக்கறப்ப முட்டை எதாவது தொட்டிக்கு வெளியில பாத்ததா உங்கிட்ட சொன்னாளா?"

"என்ன முட்டை? என்ன பண்ணி வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல. பொதுவாக் கேக்கறேன்."

"தடுப்பை எடுத்தியா?"

எல்லோருக்கும் அந்தத் தடுப்பைப் பற்றித் தெரிந்திருந்தது. "அது... ஒரு மாதிரி... சுத்தம் பண்றது சம்பந்தமா..."

"பதினாறு வருஷத்துல ஒரே ஒரு தடவ எனக்கு நேரா பதில் சொல்லியிருக்கியா நீ? ஒரே தடவ?"

யோசித்துப் பார்த்தான். உண்மையிலேயே யோசித்தான். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை நாற்காலியின் கைப்பிடி வரை வந்திருந்தது. வலைமுதுகின் கீழ் ஓரத்திலும் மூன்று. எல்லாவற்றையும் துடைத்தான். வலைக்கண்ணில் விரலை விட்டு விட்டுத் துடைத்தான். கடவுளே, வேறு நாற்காலியில் உட்காரக் கூடாதா என்று யாராவது கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பான். கேட்க யாரும் இல்லை. எண்பத்தாறு புகார்கள் காத்திருந்தன. சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தொலைகிறது என்று பழைய வலைமுதுகு நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

மத்தியானம் தூங்கவே கூடாது என்று இருந்தான். ரொட்டியும் முட்டைப்பொரியலும் வைத்துக்கொண்டு முட்டையைத் தள்ளிவிட்டு ரொட்டியை மட்டும் தின்றான். தலையை ஒரு நிமிடம் சாய்த்தான்.

கனவில் மகளுக்கு ஐந்து வயது. அவன் முதுகில் விரலால் எழுத்து எழுதுகிறாள். இவன் கண்ணை மூடிக்கொண்டு என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். பழைய விளையாட்டு. விரலைத் தண்ணீரில் நனைத்திருந்தாள்போல, சில்லென்று இருந்தது. ஆனால் எழுத்து எழுதவில்லை. புள்ளி வைத்தாள். ஒரு புள்ளி. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறாள். நகர்ந்து இன்னொரு புள்ளி. பொறுமையாக. 'ஆடாதப்பா' என்கிறாளோ என்று இருந்தது. ஆடவில்லை. எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படி விளையாடி. ஆட மனமே வரவில்லை.

'ப்ளக்.'

விழித்தான். அந்தச் சத்தம் தொட்டியிலிருந்து வரவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து, அவன் தலைக்குக் கொஞ்சம் மேலே. யாரோ நின்றபடி ஒரு வாய்க் காற்றை விழுங்கியதுபோல.

திரும்பினான். திரை. சுவர். மகளின் கட்டில். தரையில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஈரம், அகலமாக, இழுபட்டு.

துடைத்தான். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தான். தொட்டிதான் கசிகிறது என்று சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை எங்கும் எதுவும் இல்லை.

கைவிளக்கை எடுத்துக்கொண்டு தவழ்ந்து தேடினான். கண்ணாடி சுத்தம். மேசைக்கால் சுத்தம். சக்கரம், கைப்பிடி, வலைமுதுகு, கட்டிலுக்கு அடியில், திரைமடிப்பில். சுத்தம். புதன்கிழமையும். அவனுக்கு விசிலடிக்கத் தோன்றியது. மாவைத் தொட்டிக்குத் திருப்பினான், தடுப்பின் அந்தப் பக்கம். மண்புழுவைத் துண்டாக்கி இடுக்கியால் ஊட்டினான். முந்தைய வாரம் பார்த்ததையெல்லாம் வேலைப்பளு என்று ஒரே வார்த்தையில் கட்டி மூலையில் வைத்தான். மகள் வர நான்கு நாள். இன்னும் எல்லாம் சரியாகிவிடும்.

முதுகில் மட்டும் வேர்க்குரு.

தோள்பட்டைகளுக்கு நடுவே, கை எட்டாத இடத்தில். மேலிருந்து கையை விட்டாலும் கீழிருந்து முறுக்கினாலும் விரல் நுனிக்கு ஓரம் மட்டும்தான் கிடைத்தது. சின்னச் சின்ன மேடுகள். வழவழப்பாக. பதினெட்டு டிகிரிக் குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது வேர்க்குரு என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் ஒரு பதில் எழுதி அனுப்பிவிட்டான். கதவு நிலையில் உரசிப் பார்க்கலாம் என்று போனவன், முதுகைச் சாய்க்கும் நொடியில் ஏனோ பின்வாங்கினான். வலிக்கும் என்று அல்ல. நசுங்கிவிடுமே என்று.

எது நசுங்கிவிடும் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வாழ்நாள் முழுக்க மல்லாந்து தூங்கியவன், குப்புறப் படுத்து விழித்தான். நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டால் இதமாக இருந்தது; காய்ந்தால் ஒரு தவிப்பு. ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்துபோய் நனைத்துவந்தான். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பினான். கழுத்து பாதிவரை வந்தது. அதற்கு மேல் திரும்ப மறுத்தது.

வெள்ளிக்கிழமை அரிப்பு நின்றது. மேடுகள் விரலுக்குத் தொளதொளவென்று தட்டுப்பட்டன, காற்றுப் போன பலூன்போல. ஆறிவிட்டது என்று நிம்மதி.

பசிதான் தாங்கவில்லை. ஒரு முழு ரொட்டி. பின் இன்னொன்று. நூடுல்ஸ் இரண்டு பொட்டலம். வேளை கெட்ட வேளையிலெல்லாம் தின்றான். தின்றது எங்கே போகிறது என்று தெரியவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சனிக்கிழமை மண்புழு டப்பாவைத் திறந்தபோது வாய் ஊறியது. டப்பாவை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

முதுகில் அரிப்பு இல்லை. குறுகுறுப்பு. வேறு இடத்தில். தோலுக்கு மேலே அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகள் வந்தாள். பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு நேரே தன் அறைக்குள் போனாள். பின்னாலேயே போனான். அவள் தொட்டி முன் மண்டியிட்டு மாவைப் பார்த்தாள். கரியைப் பார்த்தாள். மறுபடி மாவை. இலைகளில் கிள்ளிய தடம். தடுப்பின் மேல் பிரஷ் தேய்த்த கீறல்.

திரும்பாமலே கேட்டாள். "அப்பா. தடுப்பை எடுத்தியா?"

வாயில் தயாராக எட்டு வாக்கியங்கள் இருந்தன. அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தான். கோணல் வகிடு.

"எடுத்தேன்" என்றான். "சுத்தம் பண்ண எடுத்தேன், மறந்துட்டேன். ஐஸ் பாட்டிலும் போட்டேன். முட்டை போட்டா. ஃப்ரீசர்ல வெச்சேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."



"தெரியும்" என்றாள் அவள். "தெரிஞ்சவர் கேட்டாராம்! அம்மாவும் நானும் எப்படிச் சிரிச்சோம் தெரியுமா?" எழுந்து அவன் பக்கம் திரும்பினாள். கண்களில் கோபத்தைத் தேடினான், இல்லை. "நீ சொல்வியா மாட்டியான்னுதான் பாத்துட்டிருந்தேன். சரி, விடு. நான் இங்கயே இருக்கேன்பா. அம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்."

 ஒரு நகைச்சுவை சொல்லலாம் என்று பார்த்தான். வரவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

"அழாத, அசிங்கமா இருக்கு" என்றாள். "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க? சட்டையெல்லாம் ஏன் ஈரம்?"

"வேர்க்குருடா. ஆறிடுச்சு. எனக்குத்தான் எட்டல. கொஞ்சம் பாரேன்."

அவளுக்கு முதுகைக் காட்டி, மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். எதிரே தொட்டி. கரியும் மாவும் கண்ணாடியருகே வந்து நின்றிருந்தன, தடுப்புக்கு இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று. அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே, பின்னால் எங்கோ பார்த்தன.

சட்டை மேலே ஏறியது. ஈரப் பனியன் உரிந்தது.



"என்னடா?"

 அவள் மூச்சு முதுகில் பட்டது. பிறகு விரல் நுனி. ஒரு புள்ளியில். நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அந்த விரலுக்கு அடியில் அவன் உடம்புக்குள் எதெல்லாமோ புரண்டுகொடுத்தன.

"சொல்லேன். வேர்க்குருதானே?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்பா, நீ அசையாம இருக்கியா?"

"இருக்கேன். என்னன்னு நேரா சொல்லு. என் தங்கம் இல்ல, நேரா சொல்லு."

சற்றுத் தள்ளி, கட்டிலுக்கு மேலே, 'ப்ளக்'.

அவள் குரலில் நடுக்கம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற அதே குரல்.

"முட்டைப்பா. முதுகு பூரா. ஆனா எல்லாம் காலிக் கூடு. பொரிஞ்சு ரெண்டு நாளாயிருக்கும்." எச்சிலை விழுங்கினாள். "குஞ்சுங்க எல்லாம் தோலுக்கு அடியில இருக்கு. நான் விரலை எந்தப் பக்கம் கொண்டுபோறேனோ, அந்தப் பக்கமே எல்லாத் தலையும் திரும்புது."